நாடுகடத்தல் ரத்து மறுக்கப்பட்டதா? சர்க்யூட் நீதிமன்ற மனுவில் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவில் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து வாழ்ந்து, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளை ஆகியோருக்கு அசாதாரணமான துன்பம் நேரும் என்று காட்டினால் நாடுகடத்தலை ரத்து செய்யக் கேட்கலாம். எல்லாத் தகுதியும் இருந்தாலும், தருவதும் மறுப்பதும் குடியேற்ற நீதிபதியின் விருப்புரிமை. குடியேற்ற மேல்முறையீட்டு வாரியமும் கைவிரித்தபின் சர்க்யூட் நீதிமன்றம் (வட்டாரவாரியான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: குடும்பத்தின் கஷ்டத்தை அங்கே மறுபடி முதலிலிருந்து சொல்கிறார்கள்.

அந்த நீதிமன்றத்துக்கு அதைக் கேட்கும் அதிகாரம் இல்லை. நாடுகடத்தலை எதிர்த்த பட்டேல் என்பவர், ஓட்டுநர் உரிமப் படிவத்தில் 'குடிமகன்' என்ற கட்டத்தில் தவறுதலாகக் குறியிட்டதாகச் சொன்னார். குடியேற்ற நீதிபதி நம்பவில்லை. அந்த நம்பாமையை மறுஆய்வு செய்ய முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024-இல் அதே உச்ச நீதிமன்றம் வில்கின்சன் என்பவரின் வழக்கில் தந்த தீர்ப்பு ஒரு கதவைத் திறந்தது. அவருடைய மகனுக்கு ஆஸ்துமா எவ்வளவு கடுமை என்பது போன்ற, குடியேற்ற நீதிபதி எடுத்த உண்மை பற்றிய முடிவைத் தொட முடியாது. அதே உண்மைகளை வைத்துக்கொண்டு, அவை சட்டம் கேட்கும் அளவுக்கான துன்பமா என்பதை ஆராயலாம். ஆனால் வாரியத்தின் முடிவுக்கு மதிப்பளித்தே நீதிமன்றம் பார்க்கும். ஆகவே மனுவில் 'மகன் மிகவும் நோயாளி' என்று எழுதாதீர்கள். 'மருத்துவர், செலவு, பராமரிப்பு பற்றி நீதிபதியே ஏற்ற உண்மைகள் இவை. இவற்றைத் தனித்தனியே எடைபோட்டு, மொத்தமாகப் பார்க்காதது சட்டப் பிழை' என்று எழுதுங்கள். எந்த அளவுகோல் மீறப்பட்டது என்று காட்டாமல் 'சட்டப் பிழை' என்ற சொல்லை மட்டும் ஒட்டினால் பயனில்லை.

அடுத்தது கெடு. வாரியத்தின் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மனு நீதிமன்ற அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும். தபாலில் போட்ட தேதி கணக்கில்லை. வழக்கை மீண்டும் திறக்க வாரியத்திடம் கேட்க 90 நாள் உண்டு என்பதால் அதன் முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் சர்க்யூட் நீதிமன்ற மனுவின் கெடுவை இழக்கிறார்கள். இரண்டும் தனித்தனிப் பாதை, இரண்டையும் ஒருசேர நடத்த வேண்டும்.

மனு போட்டதாலேயே நாடுகடத்தும் விமானம் நிற்காது. இடைக்காலத் தடைக்குத் தனியே விண்ணப்பித்து, வெல்லும் வாய்ப்பையும் ஈடுசெய்ய முடியாத பாதிப்பையும் காட்ட வேண்டும்.

வாரியத்தில் எழுப்பாத வாதத்தை இங்கே புதிதாக எழுப்பினால் அரசு ஆட்சேபிக்கும், பெரும்பாலும் அந்த ஆட்சேபம் எடுபடும். குடியேற்ற நீதிபதி விசாரணையை முடித்த இடம் எந்த சர்க்யூட்டுக்கு உட்பட்டதோ அங்கேதான் மனு.

தானாக வெளியேற அவகாசம் பெற்றிருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சர்க்யூட் நீதிமன்றத்தில் இந்த மறுஆய்வு மனு தாக்கலானதும் அந்த அவகாசம் தானாகவே ரத்தாகி, நாடுகடத்தல் உத்தரவு நடைமுறைக்கு வந்துவிடும்.