லோ ஃபோட்மேப் உணவில் பாப்கார்ன்: எங்கே தவறுகிறோம்?

ஐ.பி.எஸ். (அடிக்கடி வயிற்றுவலி, உப்பசம் தரும் குடல் கோளாறு) தொல்லைக்காக லோ ஃபோட்மேப் உணவுமுறைக்கு, அதாவது குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சர்க்கரை வகைகளான ஃபோட்மேப்களைக் குறைக்கும் முறைக்கு மாறும் பலர், எடுத்த எடுப்பிலேயே பாப்கார்னை ஒதுக்கிவிடுகிறார்கள். சோளம் ஆகாது என்று எங்கோ படித்திருப்பார்கள். அது ஸ்வீட்கார்னுக்கான எச்சரிக்கை. இளசாகப் பறிக்கும் ஸ்வீட்கார்னில் சார்பிட்டால், ஃப்ரக்டான் என்ற ஃபோட்மேப்கள் உண்டு, அளவு கூடினால் வயிறு உப்பும். பாப்கார்ன் முற்றிக் காய்ந்த மணி, பெரும்பகுதி மாவுச்சத்துதான். இந்த உணவுமுறையை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம், எதுவும் சேர்க்காத பாப்கார்னை 7 கப் வரை சாப்பிடலாம் என்கிறது.

வினையே மேலே தூவுவதில்தான் வருகிறது. மசாலா பாப்கார்ன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பூண்டுத்தூள், வெங்காயத்தூள் இரண்டில் ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று விடாதீர்கள். தண்ணீர் வற்றிய தூளில் ஃப்ரக்டான் செறிந்து கிடக்கும், கொஞ்சமே போதும் வலியைக் கிளப்ப. இனுலின், சிக்கரி வேர் என்று எழுதியிருந்தாலும் அதே கதைதான், அதுவும் ஃப்ரக்டான்தான்.

பூண்டு வாசம் இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை எண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வாசம் ஏறும்வரை வையுங்கள். அப்புறம் ஒரு துண்டு விடாமல் எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் சோளத்தைப் பொரியுங்கள். மேலே உப்பு மட்டும் போதும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்வதே பாதுகாப்பு. வெளியே வைத்துவிட்டால் நச்சுக் கிருமி வளரும்.

இனிப்பு வகைகளில் தேனும் ஃப்ரக்டோஸ் மிகுந்த கார்ன் சிரப்பும் ஆகாது. 'சர்க்கரை இல்லாதது' என்ற கேரமல் பாப்கார்ன் இன்னும் மோசம், சர்க்கரைக்குப் பதில் மால்டிட்டால் என்ற, இதுவும் ஃபோட்மேப்பான இனிப்பூட்டியைப் போட்டிருப்பார்கள். வெண்ணெயைக் கண்டு மட்டும் வீணாகப் பயப்படுகிறோம். அதில் ஃபோட்மேப்பான லாக்டோஸ் (பால் சர்க்கரை) மிகக் குறைவு. ஆனால் கொழுப்பு அதிகமானாலே சிலருக்குக் குடல் முறுக்கும், ஆகவே அளவோடு.

அளவில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். ஃபோட்மேப் குறைவு என்றால் நார்ச்சத்து குறைவு என்று பொருளல்ல. 3 கப் பாப்கார்னில் ஏறத்தாழ மூன்றரை கிராம் நார் இருக்கிறது. பழகாத வயிற்றுக்கு 7 கப் ரொம்ப அதிகம், ஒன்றிரண்டு கப்பில் தொடங்குங்கள். கூடவே ஃபோட்மேப் மிகுந்த ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டுப் பழியைப் பாப்கார்ன் மேல் போடுவதும் நடக்கிறது.

வெறும் உப்பு பாப்கார்னே ஒத்துக்கொள்ளவில்லையா? சரி, சில நாள் விட்டு, வேறு புது உணவு எதுவும் சேர்க்காத நாளில் அரை கப் மட்டும் சாப்பிட்டுப் பாருங்கள். அதுவும் தொந்தரவு தந்தால், எதைச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரத்தில் வலித்தது என்று குறித்துவைத்து உணவியல் நிபுணரிடம் காட்டுங்கள்.