வானமும் வேண்டும், பாறையும் வேண்டும்: கிம்ப்பில் லூமினாசிட்டி மாஸ்க்

புதுச்சேரி பீச் ரோட்டில் விடியற்காலையில் எடுக்கும் படங்களில் ஒரே சிக்கல்தான் திரும்பத் திரும்ப வரும். சூரியன் கடலுக்கு மேலே, கேமராவுக்கு நேர் எதிரே நிற்கும். வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் கரும்பாறைகள் தார் ஊற்றியது போல ஆகிவிடும். பாறைக்கு வைத்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கே வைத்து எடுங்கள். இருட்டிலிருந்து விவரத்தை ஓரளவு மீட்கலாம், வெளுத்த இடத்தில் மீட்க எதுவும் இருக்காது.

பாறையை மட்டும் எப்படி வெளிச்சமாக்குவது? லாஸ்ஸோ கருவியால் சுற்றி வெட்டினால் கத்தரித்து ஒட்டியது போலத் தெரியும். லூமினாசிட்டி மாஸ்க்கில் வெட்டும் வேலையே இல்லை. படத்தின் கறுப்பு வெள்ளை நகலையே மாஸ்க்காக, அதாவது திருத்தம் எங்கே எவ்வளவு விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மறைப்பாக, வைக்கிறோம். ஒரு புள்ளி எவ்வளவு வெளிச்சமோ, அந்த அளவுக்குத்தான் திருத்தம் அங்கே விழும். கிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளின் 2.10, 3.0 பதிப்புகள் இரண்டிலும் கீழே உள்ள முறை வேலை செய்யும்.

படத்தைத் திறந்ததும் முதல் வேலை: இமேஜ் மெனுவில் பிரிசிஷன் போய் 32 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்ட் ஆக்குங்கள். 8 பிட்டிலேயே வேலை செய்தால் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். முடிந்தால் கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் ரா கோப்பிலிருந்து தொடங்குங்கள். ஜேபெக்கின் இருண்ட பகுதியை இழுத்துத் தூக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் 8×8 கட்டங்கள் வெளியே வந்துவிடும், பிட் கூட்டினாலும் அது போகாது.

அடுத்து லேயரை (படத்தின் அடுக்கை) டூப்ளிகேட் செய்து, கலர்ஸ் மெனுவின் டீசாச்சுரேட்டில் லூமினன்ஸ் முறையைத் தேர்ந்தெடுங்கள். சேனல்ஸ் பெட்டிக்குப் போனால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இப்போது ஒரே மாதிரி இருக்கும். ஏதாவது ஒன்றை ரைட் கிளிக் செய்து டூப்ளிகேட் கொடுங்கள். கீழே வரும் புதிய சேனலுக்கு ‘வெளிச்சம் 1’ என்று பெயர் வையுங்கள். சாம்பல் லேயர் இனித் தேவையில்லை, நீக்கிவிடலாம்.

மற்ற மாஸ்க்குகள் எல்லாம் இதிலிருந்து கழித்து எடுப்பவைதான். கன்ட்ரோல் ஏ அழுத்தி முழுப்படத்தையும் தேர்ந்து, ‘வெளிச்சம் 1’ மேல் ரைட் கிளிக் செய்து ‘சப்ட்ராக்ட் ஃப்ரம் செலக்‌ஷன்’ கொடுங்கள். பிறகு செலக்ட் மெனுவில் ‘சேவ் டு சேனல்’. அது ‘நிழல் 1’. ‘நிழல் 1’ஐச் செலக்‌ஷனாக்கி ‘வெளிச்சம் 1’ஐக் கழித்தால் ‘நிழல் 2’. அதிலிருந்து இன்னொரு முறை ‘வெளிச்சம் 1’ஐக் கழித்தால் ‘நிழல் 3’. வெளிச்சப் பக்கமும் இதே கணக்குதான், அங்கே ‘நிழல் 1’ஐக் கழிக்க வேண்டும்.

எண்ணில் பார்த்தால் தெளிவாகும். 0 முதல் 255 வரையிலான அளவில் பாறை 30 என்றால் மூன்று நிழல் மாஸ்க்குகளிலும் முறையே 225, 195, 165 வரும். நடைபாதையில் நிற்பவரின் சட்டை 100 என்றால் 155, 55, 0. ஆக, ‘நிழல் 3’இல் சட்டை தொடப்படாது, பாறை மட்டும் எழும்பும். எண் கூடக் கூட மாஸ்க் குறுகும்.

போட்டோஷாப் பாடங்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அங்கே ஒரு சேனலை அதனுடனேயே இன்டர்செக்ட் செய்தால் மதிப்புகள் பெருக்கப்பட்டு மாஸ்க் குறுகும். கிம்ப்பில் இன்டர்செக்ட் என்றால் இரண்டில் சிறியதை எடுப்பது. ஒன்றையே இரண்டு முறை கொடுத்தால் எதுவும் மாறாது. குறுக்க வேண்டுமானால் கழிக்கத்தான் வேண்டும்.

இன்டர்செக்ட் பயன்படும் இடம் ‘நடு’ மாஸ்க். ‘வெளிச்சம் 1’உம் ‘நிழல் 1’உம் சேரும் இடம் அது. ஆனால் இதன் உச்சமே பாதிச் சாம்பல்தான், அதனால் திருத்தமும் பாதி பலத்தில்தான் விழும். முழு பலம் வேண்டுமென்றால் அந்தச் சேனலின் மேல் லெவல்ஸ் போட்டு, வெள்ளை முக்கோணத்தை நடுவுக்கு இழுங்கள். இன்னொன்று: ஓடும் எறும்புக் கோடு பாதிக்கு மேல் தேர்வான இடத்தைத்தான் சுற்றிக் காட்டும். கோடு தெரியவில்லை என்பதால் செலக்‌ஷன் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

சேனலைச் சேமித்ததும் அந்தச் சேனலே ஆக்டிவாக இருக்கும். அப்படியே கர்வ்ஸ் (வெளிச்சத்தை வளைகோட்டால் மாற்றும் கருவி) திறந்தால் திருத்தம் படத்தில் விழாது, மாஸ்க்கில் விழுந்து அதைக் கெடுத்துவிடும். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஏ அழுத்திச் செலக்‌ஷனை எடுத்துவிட்டு, லேயர்ஸ் பெட்டியில் லேயரைக் கிளிக் செய்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

இப்போது பாறை. மூல லேயரை டூப்ளிகேட் செய்து, ஆட் லேயர் மாஸ்க் திறந்து, சேனல் என்ற தேர்வில் ‘நிழல் 3’ஐக் கொடுங்கள். மாஸ்க்கின் சின்னப் படம் ஆக்டிவாக இருக்கும், பக்கத்தில் உள்ள லேயர் படத்தைக் கிளிக் செய்து மாற்றிக்கொள்ளுங்கள். கர்வ்ஸில் கால் பகுதிப் புள்ளியைப் பிடித்து 25லிருந்து 35 சதவீதம் வரை தூக்குங்கள். அதிகமாகத் தோன்றினால் லேயரின் ஒபாசிட்டியைக் குறையுங்கள். 3.0-இல் இந்தக் கர்வ்ஸை ஃபில்டராகவே வைத்துக்கொண்டு பிறகும் மாற்றலாம், 2.10-இல் அந்த வசதி இல்லை. கறுப்பை ரொம்பத் தூக்கினால் நாய்ஸ் புள்ளி புள்ளியாக எழும். நனைந்த பாறை கறுப்பாக இருப்பதுதான் அழகு, அதைச் சாம்பலாக்கிவிடாதீர்கள்.

வானத்துக்கு ‘வெளிச்சம் 2’ போதும். கர்வின் மேல்ப்பாதியைச் சற்றுக் கீழே அழுத்துங்கள், ஆனால் வலது மேல் முனையை அசைக்காதீர்கள். அசைத்தால் வெளுத்திருக்கும் சூரியன் அழுக்கு நாணயம் மாதிரி ஆகும். பாறையில் மோதித் தெறிக்கும் நுரையும் வெளிச்சம்தான், மேகத்தோடு சேர்ந்து அதுவும் மங்கும். மாஸ்க்கில் மென்மையான பெரிய பிரஷ்ஷால் நுரை மேல் கறுப்பு தீட்டினால் அது தப்பிக்கும்.

ஒயிட் டவுனின் மஞ்சள் சுவர்களுக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. லூமினன்ஸ் கணக்கில் சுமாராகப் பச்சைக்கு 72, சிவப்புக்கு 21, நீலத்துக்கு 7 சதவீதம்தான். மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆகவே வெயில் பட்ட சுவர் வெளிச்ச மாஸ்க்கில் போய் உட்காரும், அடர்நீல வானம் நிழலில் விழும். அங்கே சாம்பல் நகலை விட்டுவிட்டு, வண்ணப் படத்தின் நீலச் சேனலையே டூப்ளிகேட் செய்யுங்கள். வானம் வெளுப்பாகவும் சுவர் கறுப்பாகவும் பளிச்சென்று பிரியும். நீலச் சேனலில் நாய்ஸ் அதிகம் என்பதால் 1 அல்லது 2 பிக்சல் காஸியன் ப்ளர் (மழுக்கல்) கொடுங்கள்.

அந்த ப்ளரை எல்லா இடத்துக்கும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் கால்வாய்ப் படத்தில் இலை இடுக்கு ஒவ்வொன்றிலும் வானம் எட்டிப் பார்க்கும். அங்கே மாஸ்க்கை மழுக்கினால் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் வெள்ளை வளையம் விழும். நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, இலை விளிம்பையும் தொடுவானக் கோட்டையும் பார்த்துவிட்டே ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்கில் சேனல்கள் தங்காது, கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பையும் கூடவே சேமித்து வையுங்கள்.