கோடையில் கடற்கரைப் பறவைகள்: பார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் கடைசி வாரம் வந்ததும் நம்மில் பலர் பைனாகுலரைத் துடைத்து அலமாரிக்குள் வைத்துவிடுகிறோம். வலசைப் பறவைகள் வடக்கே கிளம்பியாயிற்று, இனி அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. பழவேற்காட்டிலிருந்து தனுஷ்கோடி வரைக்குமான நம் கிழக்குக் கரையில் இந்தக் கணக்குதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைத்தவைதான். மார்கழியில் பழகிய பழக்கத்தை அப்படியே சித்திரை வெயிலுக்குள் கொண்டுபோகிறோம்.

சேற்றிலும் மணலிலும் இரை பொறுக்கும் உள்ளான், உப்புக்கொத்தி வகைகளில் பல, பிறந்த முதல் வருடம் இனப்பெருக்கம் செய்வதில்லை. கூடு கட்டாத வருடத்தில் சைபீரியா வரை போய்வர வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. அதனால் அந்த இளம் பறவைகளில் ஒரு பகுதி கோடையை இங்கேயே கழிக்கும். மே மாதத்தில் சேற்றில் பத்துப் பதினைந்து உள்ளான்கள் மேய்ந்தால், அடிபட்டுத் தங்கிவிட்டவை என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கரணையில் சில ஆண்டுகள் வெயில் காலத்திலும் பூநாரைகளைப் பார்க்கலாம். அவற்றில் சாம்பல் கலந்த மங்கிய வெள்ளையாக இருப்பவை வேறு இனம் இல்லை, இளசுகள். இரையில் உள்ள நிறமி சேர்ந்து சிறகு சிவப்பதற்குச் சில வருடம் ஆகும். ஜூலை கடைசியிலேயே வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் திரும்பத் தொடங்கிவிடும். அப்படியானால் அலமாரிக்குள் பைனாகுலர் இருக்க வேண்டிய மாதம் எது?

அடுத்தது, நிறத்தை நம்பிப் பெயர் சொல்வது. டிசம்பரில் சாம்பலும் வெள்ளையுமாகப் பார்த்துப் பழகிய பறவைகள் ஏப்ரலில் ஆளே மாறியிருக்கும். கர்லியூ சாண்ட்பைப்பர் என்ற வளைந்த அலகுள்ள உள்ளான் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். சாம்பல் உப்புக்கொத்திக்கு முகமும் வயிறும் கருத்துவிடும். வயல் வரப்பில் மண்ணோடு மண்ணாக நிற்கும் மடையானுக்கு முதுகு கத்தரிப்பூ நிறம் கலந்த செம்பழுப்பாகும், உண்ணிக்கொக்குக்குத் தலையும் கழுத்தும் மஞ்சள் பூசியதுபோல் ஆகும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அதன் பெயருக்கேற்ற தலை கிடைப்பதும் அப்போதுதான். குளிர்காலத்தில் காதோரம் ஒரு புள்ளி மட்டுமே இருக்கும். புதிதாக வருபவர்கள் இவற்றைப் படம் எடுத்து "அரிய பறவை" என்று பகிர்ந்துவிடுகிறார்கள். அலகின் நீளம், வளைவு, கால் நிறம், நடக்கும் விதம், இவற்றைப் பார்த்த பிறகு கடைசியாக நிறத்துக்கு வாருங்கள். பாதி மாறிய இறகோடு நிற்கும் பறவைக்குப் பெரும்பாலான கையேடுகளில் படம் இருக்காது.

பழைய கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு போவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் சின்ன உப்புக்கொத்தியை வெகுகாலம் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளையாகத்தான் எழுதிவந்தோம். 2023இல் அது தனி இனம் என்று வெளியான ஆய்வு அதற்கு அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தது. இரு கரைக்கும் நடுவே பாலம் போட்ட வானரப் படையின் நாயகன் பெயர், இரு கரையிலும் வாழும் பறவைக்கு. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. கோடையில் நம் கரை மணலில் குடுகுடுவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடும் அந்தச் சின்னப் பறவை அனுமனாக இருக்கலாம் என்ற நினைப்போடு பாருங்கள். ஆண் பறவைக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கருங்கோடு இருக்கிறதா, இல்லையா என்று கவனியுங்கள். கென்டிஷ் ஆணுக்கு இருக்கும் அந்தக் கோடு அனுமனுக்கு இருக்காது.

இனி, எல்லாவற்றையும்விட மோசமான தவறு: மணலில் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்க்காமல் நடப்பது.

குளிர்காலத்தில் ஒரு பறவைக் கூட்டத்தை நோக்கி நடந்தால் அது எழுந்து பறந்து அப்பால் போய் இறங்கும். அதன் தீனி கொஞ்சம் கெடும். கோடையில் அதே நடை ஒரு கூட்டையே அழித்துவிடும். உப்புக்கொத்தி, மீன் பிடிக்கும் கடற்பறவையான சின்ன ஆலா, நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி எல்லாம் இந்த மாதங்களில்தான் திறந்த தரையில் முட்டையிடுகின்றன. கூடு என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. மணலில் ஒரு சின்னக் குழி, ஓரத்தில் நாலு கிளிஞ்சல் துண்டு, நடுவில் மணல் நிறத்தில் புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டை, அவ்வளவுதான். மரக்காணம் பக்கம் ஓர் உப்பளத்தில் நடந்துகொண்டிருந்தபோது பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா, "தம்பி, அந்த வரப்புல போகாதீங்க, முட்டை கெடக்கு" என்று கூப்பிட்டுச் சொன்னார். நான்கு அடி தள்ளி இருந்திருக்கிறது. அவர் காட்டிய பிறகும் என் கண்ணுக்குத் தட்டுப்படச் சற்று நேரம் பிடித்தது.

மிதிப்பது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கக் கூடாது. கோடை மதியத்தில் மணல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். அந்த நேரத்தில் தாய்ப் பறவை முட்டைமேல் நிற்பது நிழல் கொடுக்கத்தான். சூடு மிஞ்சினால் தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கும். நாம் படத்துக்காகக் கிட்டே போய் உட்கார்ந்தால் பறவை விலகி நிற்கும், முட்டைக்குள் இருக்கும் கரு சில நிமிடங்களிலேயே வெந்து போகலாம். போதாததற்கு நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும் காகம், நாம் கிளம்பியதும் அந்த இடத்தில் இறங்கும். நம் காலடி வாசனையைப் பிடித்து நாயும் வரும்.

பறவை ஒன்று சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு போனால், ஆலாக்கள் தலைக்குமேல் பாய்ந்து பாய்ந்து கத்தினால், ஆள்காட்டி விடாமல் கூவினால், நீங்கள் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். நின்று கீழே பார்த்துவிட்டு, வந்த அடித்தடத்திலேயே திரும்புங்கள். கூடு எங்கே என்று தேட வேண்டாம். காய்ந்த மணல் மேட்டில் பைக், ஜீப் ஓட்டுவது, மேலே ட்ரோன் விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ சேதப்படுத்துவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தண்ணீரோரத்து ஈர மணலில் நடந்தால் பெரும்பாலும் பயமில்லை, அங்கே முட்டை இருக்காது.

நேரம் விஷயத்திலும் தவறு நடக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் கானல் அலை எழும்பிவிட்டால் தொலைவில் நிற்கும் பறவையின் உயரமும் அலகும் கண் முன்னாலேயே ஆடும். அந்த நேரத்தில் எடுத்த படத்தை வைத்து ஆலாக்களைப் பிரித்துச் சொல்வது வீண் வேலை. நம் கரையில் சூரியன் கடலிலிருந்து வருகிறது. எனவே காலையில் கடற்கரை மணல் பக்கம் நின்று உள்ளே ஏரியை, கழிமுகத்தைப் பாருங்கள். கடலில் இருப்பவற்றை மாலையில் பார்க்கலாம்.

ஜூன் மாதம் தென்மேற்குக் காற்று பலத்தபின் தெற்கே கதை வேறு. ராமேசுவரம், கன்னியாகுமரிப் பக்கம், பெரும்பாலும் நடுக்கடலிலேயே வாழும் ஆலா வகைகளும் மற்றக் கடற்பறவைகளும் சில சமயம் காற்றில் தள்ளப்பட்டு வந்து களைத்துக் கிடக்கும். நல்ல மனதோடு அவற்றைத் தூக்கி அலைக்குள் விடுகிறார்கள், அது மறுபடி கரைக்கே வந்து சேரும், அல்லது மூழ்கும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. காற்றோட்டமான அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கிடக்கும் பறவை திடமாக நிமிர்ந்து நின்றால் தொடவே வேண்டாம், ஓய்வெடுக்கட்டும், நாயை மட்டும் விரட்டுங்கள்.

அப்புறம், பார்த்ததைப் பதியாமல் விடுவது. எட்டே இனம்தான் கண்ணில் பட்டது என்று பலர், பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியல் போடுவதில்லை. மே, ஜூன் மாதங்களின் எட்டு இனப் பட்டியல்தான் யார் இங்கே தங்குகிறார்கள், எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று பிறகு வருபவர்களுக்குச் சொல்லும். எண்ணிக்கையோடு போடுங்கள். ஆனால் கூடு இருந்த இடத்தின் வரைபடப் புள்ளியையும் முட்டைப் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே அனுப்பாதீர்கள். மறுநாள் காலை பத்துக் கேமரா அங்கே வந்து நிற்கும். உப்புக்கொத்தி முட்டை பொரிக்க மூன்றரை வாரம் ஆகும், குஞ்சு பறக்க அதற்கு மேல் இன்னும் ஒரு மாதம் ஆகும். அதுவரைக்கும் மாவட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும்.