ராப் தெற்கே நகர்ந்த பத்தாண்டு: அதைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1995இல் அமெரிக்க ஹிப்-ஹாப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்ற இரண்டு ஊர்கள்தான் பேச்சு. 2005க்குள் அட்லாண்டா, ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெம்பிஸ் என்று தென் மாநில ஊர்கள் போட்ட பீட்டுக்குத்தான் நாடு முழுக்க ஆடியது. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சில தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதனால் பல ஆண்டுகள் உழைத்தவர்களின் பெயர்கள் விடுபட்டுப் போகின்றன. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

முதல் தவறு, மொத்தக் கதையையும் மேற்குக் கரை ராப்பர் டூபாக், நியூயார்க் ராப்பர் பிக்கி இருவரின் பகையாகச் சுருக்குவது. டூபாக் 1996 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தார். பிக்கி 1997 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் கொல்லப்பட்டார். இருவரும் போனதால் இடம் காலியானது, அதில் தெற்கு வந்து உட்கார்ந்தது என்று விளக்கம் சொல்கிறார்கள். அப்படி எதுவும் காலியாகவில்லை. 1998இல் நியூயார்க்கின் டிஎம்எக்ஸ் வெளியிட்ட இரண்டு ஆல்பங்களும் அமெரிக்காவின் பில்போர்ட் விற்பனைப் பட்டியலில் முதலிடத்திலேயே நுழைந்தன. அதே ஊர் ராப்பர் ஜே-ஸியின் வளர்ச்சியும் அந்த ஆண்டுகளில்தான். அதோடு, மேற்குக் கரையின் முகமாகச் சொல்லப்படும் டூபாக் பிறந்தது நியூயார்க்கில், வளர்ந்தது அங்கேயும் பால்டிமோரிலும், பிறகுதான் கலிஃபோர்னியா. கரைகளுக்கு நடுவே அவ்வளவு தெளிவான கோடு கிடையாது.

இரண்டாவதுதான் பெரிய தவறு: நியூயார்க் கவனித்த நாளிலிருந்து தெற்கின் வரலாற்றைத் தொடங்குவது. 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த, சோர்ஸ் என்ற ஹிப்-ஹாப் பத்திரிகையின் விருது விழாவை எல்லோரும் குறிப்பிடுவார்கள். அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இரட்டையர் சிறந்த புதிய குழுவுக்கான விருதை வாங்க மேடையேறியபோது அரங்கம் எதிர்ப்புக் கூச்சலிட்டது. தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்றார் அவர்களில் ஒருவரான ஆந்த்ரே. பெருமையான தருணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹூஸ்டனில் ராப்-எ-லாட் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் (லேபிள்) 1986லிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. மயாமியின் ராப் குழு 2 லைவ் க்ரூ தொடர்பான பகடிப் பாடல் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1994இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மெம்பிஸில் டிஜேக்கள் வீட்டில் பதிவு செய்த கேசட்டுகள் கைக்குக் கை போய்க்கொண்டிருந்தன. ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ பாட்டின் வேகத்தைக் குறைத்து, குரலைக் கனமாக்கிப் போட்ட கேசட்டுகளுக்கென்றே ஒரு சந்தை இருந்தது.

இந்த இடத்தில் பாட்டை விட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்க்க வேண்டும். பெரிய இசை நிறுவனங்களின் அலுவலகங்கள் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இருந்தன. தென் மாநிலப் பையன்கள் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. தாங்களே கேசட் அடித்தார்கள், ஊர்க் கடைகளில் வைத்தார்கள், கார் டிக்கியிலிருந்து விற்றார்கள். இதே வழியை சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் டூ ஷார்ட், ஈ-40 போன்ற ராப்பர்கள் ஏற்கெனவே நடத்திக் காட்டியிருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸ்காரரான ராப்பர் மாஸ்டர் பி, அந்தப் பகுதியைச் சேர்ந்த ரிச்மண்டில் இசைக் கடை வைத்திருந்தவர். அங்கே பார்த்த வியாபாரத்தை அவர் ஊருக்குக் கொண்டுபோனார். 1996இல் பிரையாரிட்டி நிறுவனத்தோடு அவர் போட்டது விநியோக ஒப்பந்தம் மட்டுமே. மூலப் பதிவுகளின் உரிமையும் (மாஸ்டர் உரிமை) வருமானத்தில் பெரும்பங்கும் அவரிடமே இருந்தன. 1998இல் நியூ ஆர்லியன்ஸின் கேஷ் மனி லேபிள் பெரிய நிறுவனமான யுனிவர்சலோடு சேர்ந்தபோதும் மாஸ்டர் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தெற்கைத் தேடி வந்தபோது அங்கே ஆயத்தமாக ஒரு தொழிலே நின்றது. தெற்கு எப்படி ஜெயித்தது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பீட் எல்லாம் அப்புறம்.

அடுத்து, பாடகரின் ஊரை வைத்து ஒலியின் ஊரை முடிவு செய்வது. 2003இல் 50 சென்ட் பெரிய அலையாக வந்தபோது நியூயார்க் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். அவர் குவீன்ஸ்காரர்தான். ஆனால் அவரை நாடு முழுக்கக் கொண்டுபோன பாட்டுக்கு இசையமைத்ததில் முதன்மையானவர் லாஸ் ஏஞ்சலஸின் டாக்டர் ட்ரே. அவரோடு நின்றவர் டெட்ராய்ட்டின் எமினெம். இதேபோல் நியூயார்க் ராப்பர்களின் பல வெற்றிப் பாடல்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வர்ஜீனியாவைச் சேர்ந்த இசையமைப்பாளர்களான டிம்பலாண்டும் நெப்டியூன்ஸ் இரட்டையரும். எந்தப் பாட்டையும் வைத்து ஊர்க் கணக்குப் போடும் முன் பீட் யாருடையது என்று பாருங்கள். கணக்கு பெரும்பாலும் மாறிவிடும்.

தெற்கு என்றால் ஒரே ஒலி என்று நினைப்பதும் தவறு. நியூ ஆர்லியன்ஸின் பவுன்ஸ் என்ற ஆட்ட இசை துள்ளும். கேஷ் மனியின் இசையமைப்பாளர் மேனி ஃப்ரெஷின் பீட்டில் அந்த ஊரின் ஊர்வல வாத்தியங்களின் துடிப்பு கேட்கும். ஹூஸ்டன் மெதுவாக ஊறும். மெம்பிஸ் இருட்டாக, கரகரப்பாக இருக்கும். அட்லாண்டா கிளப்புகளை அதிரவைத்த க்ரங்க் என்ற முரட்டு ஆட்ட இசைக்கு மெம்பிஸிலிருந்து நிறைய வந்தது. அட்லாண்டாவுக்குள்ளேயே ஆர்கனைஸ்ட் நாய்ஸ் இசையமைப்புக் குழு, அதன் உறுப்பினர் ரிக்கோ வேட் வீட்டு அடித்தளத்தில், கிதாரும் பாஸும் நேரடியாக வாசித்து உருவாக்கிய இசை ஒரு பக்கம். 2003க்குப் பிறகு பரவிய ட்ராப் என்ற ராப் வகை இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைத்தால் எதுவும் காதில் விழாது.

தெற்கின் அடையாளமாகச் சொல்லப்படும் 808 பாஸ் கூட அங்கே பிறந்ததில்லை. ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷினை 1982இலேயே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி டிஜே ஆஃப்ரிகா பம்பாட்டா தன் பாட்டில் பயன்படுத்தினார். நியூயார்க் பிறகு பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை வெட்டி எடுக்கும் (சாம்பிள்) பக்கம் சாய்ந்தது. மயாமி அந்த மெஷினைப் பிடித்துக்கொண்டது, மற்ற தென் ஊர்களும் விடவில்லை.

வரிகளை மட்டும் அளவுகோலாக வைத்து, தெற்கு வந்ததும் ராப்பின் தரம் போய்விட்டது என்கிறவர்களோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. காருக்கும் கிளப்புக்கும் செய்த இசையைக் காகிதத்தில் படித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வரிகளே வேண்டும் என்றாலும் ஹூஸ்டன் ராப்பர் ஸ்கார்ஃபேஸைக் கேட்டுவிட்டு அப்படிச் சொல்லட்டும்.

கடைசியாக, பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். 1991 மே மாதம் வரை பில்போர்ட் ஆல்பம் பட்டியல் கடைக்காரர்கள் சொன்னதை வைத்தே தயாரானது. பிறகுதான் பார்கோடு மூலம் உண்மையான விற்பனையை எண்ணினார்கள். அடுத்த மாதமே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ. முதலிடம் பிடித்தது. அதனால் 1989ஆம் ஆண்டுப் பட்டியலையும் 1995ஆம் ஆண்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஸ்க்ரூ தன் வீட்டிலிருந்து விற்ற கேசட்டுகளோ எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.