வலையமைப்புத் துறைக்கு வருகிறவர்கள் ரியூசன் பழக்கத்தை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும்

உயர்தரப் பரீட்சைக்கு நாங்கள் எப்படிப் படித்தோம்? பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்களைச் செய்து, ரியூசன் ஆசிரியர் "இது கட்டாயம் வரும்" என்றதைப் பாடமாக்கினோம். அதைக் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பேரை அது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் அதே பழக்கத்தோடு, சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புச் சான்றிதழான சி.சி.என்.ஏ. படிக்க வருகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

இணையத்தில் 'டம்ப்' என்று கிடைப்பவை கடந்தகால வினாத்தாள்கள் அல்ல, திருடப்பட்ட வினாக்கள். அவற்றைப் பயன்படுத்தியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழையே பறித்துவிடலாம். பரீட்சைக் கட்டணம் 300 டொலர். நம் காசில் ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய். சான்றிதழின் ஆயுளோ 3 ஆண்டுகள்தான். ஆகவே வேலை தேடும் காலத்தை ஒட்டிப் பரீட்சை எழுதுவது நல்லது. அண்ணா படித்த புத்தகத்தையே வைத்துப் படிக்கிறவர்கள் அட்டையையும் ஒருமுறை பார்க்கவேண்டும்: 2020 பெப்ரவரியில் பரீட்சை 200-301 என்ற இலக்கத்துக்கு மாறிவிட்டது.

ஒரு நேர்முகத் தேர்வில் நானும் பக்கத்தில் இருந்தேன். வந்த தம்பி, வலையமைப்பின் வேலைகளை ஏழாகப் பிரித்துச் சொல்லும் ஓ.எஸ்.ஐ. அடுக்குகள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்புவித்தார். பிறகு இணையம் வராத ஒரு மடிக்கணினியைக் கொடுத்தோம். அதன் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கியது. "முகவரி இருக்கிறது, பிரௌசரில்தான் பிழை" என்றார். முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. சேவையகத்திடமிருந்து பதில் வராதபோது கணினி தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. மேசைக்குக் கீழே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச்சிலிருந்து அந்தச் சேவையகத்துக்குப் போகும் கேபிளை நாங்கள் பாதி இழுத்து வைத்திருந்தோம். முதலாவது அடுக்கில் கேபிள் வரும் என்று சொன்னவர், குனிந்து கேபிளைப் பார்க்கவில்லை.

ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கைக் கையால் போடப் பழகாமல் விடுவதும் இந்த வகைதான். /26 அளவுப் பகுதி என்றால் 64 முகவரிகள், அவற்றில் கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 62 என்பது கேட்டவுடன் வரவேண்டும். பரீட்சை மண்டபத்தில் கணிப்பான் கிடையாது. கருவிகள் இல்லாமலே கணினியில் பழக உதவும் மென்பொருளான பாக்கெட் ட்ரேசர் இலவசம் என்பதால், கருவி வாங்கக் காசில்லை என்பதும் சாட்டு.

அடுத்தது கௌரவம். யாழ்ப்பாணத்தில் முதல் வேலை பெரும்பாலும் கமரா பூட்டும் கடையிலோ இணைய இணைப்புக் கொடுக்கும் குழுவிலோதான் கிடைக்கும். "படித்துவிட்டு ஏணியில் ஏறுவதா?" என்று வீட்டிலும் கேட்பார்கள். ஏறத்தான் வேண்டும். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பது, 130 மீட்டர் இழுத்த கமரா இரவில் மட்டும் அணைந்து போகும்போதுதான் உறைக்கும். இருட்டியதும் கமராவின் அகச்சிவப்பு விளக்கு எரிய மின்சாரம் கூடுதலாகத் தேவை. அதுவும் அதே கேபிளில்தான் போகிறது. செம்பு பூசிய அலுமினியக் கேபிளை மலிவுக்கு வாங்கியிருந்தால் தொல்லை இன்னும் கூடும். ஐப்பசி இடிமின்னலில் ஸ்விட்ச்சில் கேபிள் செருகும் போர்ட்டுகள் வரிசையாகக் கருகுவதைப் பார்த்தவருக்கு எர்த் கம்பியைப் பற்றி யாரும் விரிவுரை நடத்தத் தேவையில்லை.

"வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரியில் முறைப்பாடு எழுதிவைப்பதையும் விட்டுவிடவேண்டும். எந்தப் போர்ட், எத்தனை மணி, என்ன விளக்கு எரிந்தது என்று எழுதினால் கொழும்பில் இருப்பவருக்கும் விளங்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தின் ஸ்விட்ச்சில் மாலை முழுக்க இருந்து போர்ட்டுகளை வி.லான்களாக, அதாவது ஒரே ஸ்விட்ச்சுக்குள் தனித்தனி வலையமைப்புகளாக, பிரித்தேன். எல்லாம் ஓடியது. 'ரைட் மெமரி' என்று இரண்டு சொல் அடித்துச் சேமிக்க மறந்து வீட்டுக்குப் போனேன். இரவு மின்சாரம் போனது. காலையில் ஸ்விட்ச், நான் தொடுவதற்கு முன் இருந்தபடியே சமர்த்தாக எழுந்து நின்றது.