சென்னை வந்து ரயில் ஏறுவோருக்கு: டிராலியும் பெட்டிகளும்

சென்னை விமான நிலையத்தில் டிராலிக்குக் காசு கிடையாது. வெளிநாட்டில் நாணயம் போட்டு எடுத்துப் பழகியவர்கள் இங்கே சில்லறை தேட வேண்டாம். எடுத்ததும் வெறும் வண்டியை நாலடி தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் அப்போதே வேறொன்று எடுங்கள்; பெட்டிகளை ஏற்றிய பிறகு மாற்றுவது பெரும்பாடு. சில வண்டிகளில் கைப்பிடியை அழுத்தினால்தான் சக்கரம் உருளும், கையை எடுத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். கனமான பெட்டி அடியில் படுத்தவாக்கில் இருக்கட்டும். பாஸ்போர்ட் உள்ள பையை மட்டும் வண்டியில் போடாதீர்கள், தோளை விட்டு அது இறங்கவே கூடாது.

வெளியே யாராவது வந்து "நான் தள்றேன் சார்" என்று கைப்பிடியைப் பிடித்தால், தள்ளி முடித்ததும் காசு கேட்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் "வேண்டாங்க, நானே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு நடக்கலாம்.

சரி, ஊருக்கு ரயிலில் போகிறவர்கள் யோசிக்க வேண்டியது இதற்கு அப்புறம்தான். டாக்சியில் ஏறும்போதே டிராலியை விட்டுவிடுகிறோம். எழும்பூரிலோ சென்ட்ரலிலோ அதே போல ஒன்று காத்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அங்கே நமக்குத் துணை சிவப்புச் சட்டை போர்ட்டர்தான். கையில் பேட்ஜ் கட்டியிருப்பார். எத்தனை பெட்டி, எந்த பிளாட்பாரம், எந்த கோச் என்று சொல்லி, தூக்குவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். கனத்தைத் தலையில் சுமக்கிற மனிதர் அவர். பத்து இருபதுக்கு இழுபறி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் பேட்டரி கார் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எடைக் கணக்கை வீட்டிலேயே போட்டுவிடுவது நல்லது. விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுவந்தால் 46 கிலோ, கைப்பெட்டி 7 கிலோ, ஆக 53. ரயிலில் கட்டணமில்லாமல் ஒருவர் கொண்டுபோகக்கூடியது இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ, மூன்றடுக்கு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் 40 கிலோ. எடையை விட அளவுதான் பெரிய தொந்தரவு. உயரமான கெட்டிப் பெட்டி பெர்த்துக்கு அடியில் நுழையாமல் நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும், இரவெல்லாம் அதைக் காவல் காக்க வேண்டிவரும். நடுத்தர அளவில், கெட்டியாக இல்லாமல் துணியால் ஆன பெட்டியாக, படி ஏறும்போது நீங்களே ஒரு கையால் தூக்கக்கூடியதாக வாங்குங்கள்.