எல்லை ரோந்துத் தலைவர் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லைப் பாதுகாப்புப் படையை ராணுவத்தின் ஒரு பிரிவு என்று எண்ணிக்கொண்டே பல இளைஞர்கள் விண்ணப்பிக்கின்றனர். முதல் தவறு இதுதான். 1965 டிசம்பர் 1 அன்று தொடங்கப்பட்ட இப்படை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பாகிஸ்தான், வங்கதேச எல்லைகள் இதன் பொறுப்பில் உள்ளன. போர் மூண்டால் ராணுவத்துக்குத் துணை நிற்கும் இப்படை, மற்ற நாட்களில் ஊடுருவலையும் கடத்தலையும் தடுத்து, பிடிபட்டவர்களைச் சட்டப்படி ஒப்படைக்கிறது. ரோந்துத் தலைவரின் அன்றாட வேலை இந்த இரண்டாவது கடமையைச் சார்ந்தது என்பதால், துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தால் போதும் என்று நம்பி வருபவர் விரைவில் திணறிப்போகிறார்.

ரோந்துக் குழுவைப் பெரும்பாலும் தலைமைக் காவலரோ, உதவி ஆய்வாளரோ வழிநடத்துவார். அந்த நிலையை அடையப் பல வாயில்கள் உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு எழுதிக் காவலராகச் சேரலாம். பட்டதாரிகள் நேரடியாக உதவி ஆய்வாளர் தேர்வையோ, மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உதவி கமாண்டன்ட் என்ற அதிகாரி பதவிக்கான தேர்வையோ எழுதலாம். பட்டம் பெற்றவர்கள் கிடைத்தது போதும் என்று காவலராகச் சேர்ந்துவிட்டு, மேல்நிலைத் தேர்வுகளுக்கான வயது வரம்பு கடந்த பிறகு வருந்துவதைக் காணும்போது மனம் கனக்கிறது. காவலர் தேர்வில் ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களில் ஓட வேண்டும் என்பதால் ஓட்டப் பயிற்சியில் எல்லோரும் கவனம் செலுத்துகின்றனர், மொழியை மறந்துவிடுகின்றனர். 2024 முதல் இத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது பெரும் நன்மையே. ஆனால் எல்லைச் சாவடியில் உத்தரவும் கம்பியில்லாத் தொடர்பும் இந்தியில்தான் நடக்கும். கட்டளையைப் பாதி புரிந்துகொண்டு தலையாட்டும் ஒருவரை நம்பி இரவில் ஐந்து பேரை அனுப்ப முடியாது.

களத்தில் நிகழும் தவறுகளில் மிகவும் ஆபத்தானது பழக்கம். ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஒரே வரப்பில் நடந்து, ஒரே மரத்தடியில் இளைப்பாறும் குழுவின் நடமாட்டத்தைக் கடத்தல்காரர்கள் இரண்டு வாரங்களில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். புறப்படுமுன் அடையாளச் சொல் என்ன, யாருக்குப் பின் யார், தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று இதைத் தவிர்ப்பவர்கள், இருளில் தம் வீரரையே அந்நியராகக் கருதும் நிலைக்குக் குழுவைத் தள்ளுகிறார்கள்.

வேலிதான் எல்லை என்ற எண்ணம் அடுத்த தவறு. பல இடங்களில் வேலி, உண்மையான எல்லைக் கோட்டிலிருந்து சுமார் 150 கஜம் உள்ளே தள்ளி நிற்கிறது. அதற்கு அப்பாலும் நம் விவசாயிகளின் நிலங்கள் உள்ளன. பஞ்சாபின் பெரோஸ்பூர் பகுதியில் 2025 ஏப்ரல் 23 அன்று அறியாமல் கோட்டைத் தாண்டிய வீரர் ஒருவர் அந்நாட்டு எல்லைக் காவல் படையான பாகிஸ்தான் ரேஞ்சர்களிடம் சிக்கி, மே 14 அன்றுதான் அட்டாரி எல்லைச் சாவடி வழியாகத் திரும்பினார். பனிமூட்டமும் உயர்ந்த பயிரும் எல்லைத் தூண்களை மறைக்கும் என்பதால், எந்தத் தூணுக்கு அருகில் நிற்கிறோம் என்பதைத் தலைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேலிக் கதவு வழியாகச் செல்லும் விவசாயிகளைச் சந்தேகப் பார்வையோடு மட்டுமே நடத்துவதும் பெரும் பிழைதான். வயலில் புதிய காலடித்தடத்தை முதலில் காண்பவர் அவர்தான், மதிப்போடு பேசிப் பழகிய தலைவரிடமே அதை வந்து சொல்வார்.

பஞ்சாப் எல்லையில் இன்று வானத்தையும் கவனிக்க வேண்டியுள்ளது. டிரோன் இரைச்சல் கேட்டுச் சற்று நேரத்தில், மஞ்சள் ஒட்டு நாடா சுற்றிய, இரும்பு வளையம் கோத்த ஒரு போதைப்பொருள் பொட்டலம் கோதுமை வயலில் விழுந்து கிடக்கும். இளம் தலைவர்கள் உடனே ஓடிச்சென்று அதை எடுத்துவிடுகின்றனர். அதைப் பெற்றுக்கொள்ள வந்தவன் அருகிலேயே பதுங்கியிருக்கலாம். அவன் தப்பிவிட்டால் பிடிபட்டது பொருள் மட்டும்தான். முதலில் வெளியேறும் வழிகளை அடைத்து, பிறகு தேடுவதே முறை. கைப்பற்றிய இடம், நேரம், எடை, சாட்சிகள் ஆகியவற்றை அங்கேயே எழுதி, காணொளியிலும் பதிவு செய்ய வேண்டும். இப்படைக்குச் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் உண்டு. வழக்கை நடத்தும் அதிகாரம் இல்லை. காவல்துறையிடமோ உரிய துறையிடமோ ஒப்படைக்கும் தாளில் நேரம் முரண்பட்டால், இரவெல்லாம் நனைந்து செய்த வேலை நீதிமன்றத்தில் வலுவிழந்துபோகும்.

பதவி உயர்வு பணிமூப்பால் தானே வரும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு ‘ஷேப்-1’ எனப்படும் முழு உடல்தகுதி அவசியம்; முழங்கால் வலியையும் உயர் ரத்த அழுத்தத்தையும் மறைத்துக்கொண்டு காலம் கடத்தினால் உரிய நேரத்தில் வாய்ப்பு நழுவும். துறைசார் தேர்வுகளும் சிறப்புப் பயிற்சிகளும் அறிவிக்கப்படும்போது, விடுப்பு கிடைக்காது என்ற காரணத்துக்காக அவற்றை விட்டுவிடக் கூடாது.

விடியற்காலையில் திரும்பியதும் ஆட்களையும் தோட்டாக்களையும் எண்ணிவிட்டு உடனே உறங்கப் போவது கடைசித் தவறு. எவ்வளவு களைப்பாக இருந்தாலும் பத்து நிமிடம் உட்கார வைத்து, யார் என்ன கண்டார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். கடைசியில் நடந்து வந்தவர், "மூன்றாவது மேட்டருகே நாய் குரைத்தது, பிறகு திடீரென்று நின்றுவிட்டது" என்பார். மறுநாள் இரவு எங்கே பதுங்கியிருக்க வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில் கிடைத்துவிடும்.